பொறுமை இல்லாத பிள்ளைதான் புகையிலைக்குப் போகிறானா?

கேள்வி (ஒரு தாய், மதுரை):
ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் ஜாமெட்ரி பாக்ஸில், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலம் ஒன்று, கணக்கு நோட்டுத் தாளில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இவனுக்குச் சிறு வயதிலிருந்தே பொறுமை கிடையாது, இப்படித்தான் போவான்" என்கிறார் வகுப்பாசிரியர். அவன் அவசரக்காரன்தான், அதற்காக அவனைக் கைகழுவிவிட முடியுமா?

பதில் 1 (பள்ளி மனநல ஆலோசகர்):
ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை உண்டு, அம்மா. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், 3 முதல் 11 வயது வரை தன்னடக்கம் (ஆசையையும் அவசரத்தையும் கட்டுப்படுத்தும் திறன்) குறைவாக இருந்த பிள்ளைகளிடையே, 15 வயதுக்குள் புகைக்கத் தொடங்கியவர்களும் 32 வயதில் போதைக்கு அடிமையாகியிருந்தவர்களும் அதிகம். ஆயினும் இந்த முடிவுகளைச் சொல்லும், 2011இல் வெளியான அதே ஆய்வுக் கட்டுரை, பதின்வயதில் புகைப்பழக்கம், படிப்பை இடையில் விடுவது போன்ற பொறிகளில் சிக்காதவர்களுக்குப் பின்னாளில் பாதிப்பு குறைந்ததையும், வளர வளரத் தன்னடக்கம் கூடியவர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததையும் காட்டுகிறது. இந்த மறுபாதியை வகுப்பாசிரியர் சொல்லவில்லை.

பதில் 2 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
பிள்ளையின் மன உறுதியைப் பற்றியே பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐஸ்லாந்தில் 15–16 வயதினரில், முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள் 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். அந்தத் தலைமுறை திடீரென்று உறுதி மிக்கதாகப் பிறந்துவிடவில்லை. 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் பெரியவர் துணையின்றி வெளியில் திரியக் கூடாதென்ற விதியைப் பெற்றோர் சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் நகராட்சிகள் பணம் கொடுத்தன. இங்கோ, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெட்டிக்கடை சுற்றுச்சுவரை ஒட்டியே இருக்கிறது. பொட்டலம் எந்தக் கடையில் கிடைத்தது என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்னும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, ஐயா. எப்படித் தொடங்குவது?

பதில் 1 (மீண்டும்):
அவன் அப்பாவோடு சேர்ந்து உட்காரவைத்து விசாரணை நடத்தாதீர்கள். நீங்கள் மட்டும் தனியாக, யாரோடு, எந்த நேரத்தில் பயன்படுத்துகிறான் என்று கேளுங்கள். காலையில் எழுந்ததுமே தேடுகிறான் என்றால் புகையிலையிலுள்ள நிகோடின் என்ற போதைப்பொருளுக்கு அடிமையாகத் தொடங்கிவிட்டான் என்று பொருள். அப்போது அறிவுரை போதாது, மருத்துவ உதவி வேண்டும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். வாயில் வெண்திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.