சிரிப்பு நாடகத்தில் ஒரு சாவு: இசைக்காரர்கள் வழி சொல்லுங்கள்

ஃப்ரைபுர்க்கில் ஓர் அமெச்சூர் குழுவோடு 75 நிமிட இசை நாடகம் போடுகிறோம். 1848 ஏப்ரலில் தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் நாட்டில், முடியாட்சிக்கு எதிராகக் குடியரசு கேட்டு ஹெக்கர் என்ற புரட்சிக்காரர் நடத்தித் தோற்ற எழுச்சிதான் கதை. நடிப்பவர்கள் 6 பேர். அக்கார்டியன், கிளாரினெட், ஒரு டிரம். அரங்கேற்றத்துக்கு இன்னும் 3 வாரம்.

முதல் பாதி நன்றாக ஓடுகிறது. கொன்ஸ்டன்ஸில் ஊரே திரண்டு வரும் என்று எதிர்பார்த்த ஹெக்கர், சில டஜன் பேரோடு மழையிலும் பனியிலும் கிளம்புகிறார். இறகு வைத்த அகலத் தொப்பி நனைந்து கண்ணை மூடும்போது அரங்கம் அதிர்கிறது.

சிக்கல் ஏப்ரல் 20 காட்சியில். காண்டர்ன் பாலத்தில் ஹெக்கரும், அவரை ஒடுக்க வந்த அரசுப் படையின் ஜெனரல் ஃபிரீட்ரிக் ஃபொன் காகெர்னும் பேசுவதை விறுவிறுப்பான இருகுரல் பாட்டாக வைத்திருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் சண்டை, காகெர்ன் சுடப்பட்டுச் சாகிறார். ஒத்திகை பார்த்தவர்கள் அவர் விழுந்ததும் சிரித்துவிட்டார்கள். அந்த மனிதரின் சாவு சிரிப்பாகக் கூடாது, எனக்கு அது மனசே ஆறவில்லை.

துப்பாக்கிச் சத்தத்தை மேடைக்குப் பின்னால் வைத்தோம், அப்போதும் சிரித்தார்கள். அக்கார்டியனை மெதுவாக்கினோம், சோகப் பாட்டைக் கிண்டல் செய்வது போல் கேட்டது. அப்புறம் இசையையே நிறுத்திப் பார்த்தோம். சிரிப்பு நின்றது. ஆனால் அதற்கப்புறம், ஹெக்கர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடும் கடைசிக் காட்சியில்கூட யாரும் சிரிக்கவே இல்லை. பாலத்துக் காட்சியை வெட்ட எனக்கு விருப்பமில்லை.

பாலத்துப் பாட்டின் எந்த இடத்தில், எந்த வாத்தியத்தை மாற்றினால் அந்தச் சாவு சாவாகவே நிற்கும், கடைசிக் காட்சியில் சிரிப்பும் திரும்பி வரும்?