புதுப்பிப்பு: வரைவு உள்ளூர்த் திட்டத்துக்கு ஆட்சேபம் கொடுத்தோம், பாதி கிடைத்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் தோட்டப் பட்டணத்தின் வரைவு உள்ளூர்த் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் திட்டம்), லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் உள்ள ஆற்றோர நிலம் தொழிற்பேட்டை என்று குறிக்கப்பட்டிருந்தது. எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 13ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபிக்கச் சொன்ன யோசனைதான். குறைந்தது 4 வாரம் அவகாசம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மலாய் மொழியில், லாட் எண்ணோடு (நிலத் துண்டின் எண்) எழுதி, நேரில் பேச விரும்புகிறோம் என்றும் சேர்த்தோம்.

எதிர்பாராதது: கோயில் வாசலில் திரட்டிய கையெழுத்து மனு மொத்தமும் ஒரே ஆட்சேபமாகத்தான் பதிவானது! அப்புறம் வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொடுத்தோம். விசாரணையில் எங்கள் பேச்சைவிட வெள்ளம் ஏறிய படங்களுக்குத்தான் மதிப்பு.

திருத்திய வரைபடத்தில் ஆற்றங்கரை பசுமை நிலம். சாலையோரத் துண்டு மட்டும் இன்னும் தொழிலுக்கே.