7490 கவுன்டர் சிமுலேட்டரில் எண்ணுகிறது, பிரெட்போர்டில் 9-லேயே நிற்கிறது, ஏன்?

பறக்கை_எலக்ட்ரானிக்ஸ்

சார்மாரே, அண்ணன்மாரே, வணக்கம். நாகர்கோவிலில் பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். டிஜிட்டல் லேபுக்கு 0 முதல் 9 வரை எண்ணும் கவுன்டர் செய்ய வேண்டும். 74எல்எஸ்90 (7490 கவுன்டரின் எல்எஸ் வகை), எண்ணை டிஸ்ப்ளேக்கு மாற்றித் தரும் 74எல்எஸ்47, காமன் ஆனோடு செவன் செக்மென்ட், கிளாக்குக்கு ஒரு புஷ் பட்டன், ரீசெட்டுக்கு ஒன்று. சப்ளைக்குப் போன் சார்ஜர், யுஎஸ்பி வயரை வெட்டி 5 வோல்ட் எடுத்திருக்கிறேன்.

சிமுலேட்டரில் இதே சர்க்கியூட் ஒழுங்காக எண்ணுகிறது. பிரெட்போர்டில் பவர் கொடுத்ததும் 9 வருகிறது, பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் 9-தான். 6, 7 கால்களைச் சும்மா விட்டிருந்தேன். அதைக் கிரவுண்டில் கொடுத்துப் பார்த்தால் 0 வந்து அங்கேயே நிற்கிறது.

2, 3 கால்களைச் சேர்த்து 10 கே வழியாகக் கிரவுண்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ரீசெட் பட்டனை அழுத்தினால் அவை 5 வோல்ட்டைத் தொடும். கிளாக்கும் அதே மாதிரிதான்: பட்டனின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை 14-ஆம் காலில், அங்கிருந்து 10 கே கிரவுண்டுக்கு. ஐசி போய்விட்டதா? வேறு ஐசி மாற்றியும் அதே கதைதான்.

வேளிமலை

ஐசி இரண்டும் நன்றாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் 9, பிறகு 0 என்று நீங்கள் சொன்னதிலேயே கோளாறு எங்கே என்பது தெரிகிறது.

7490 போன்ற டிடிஎல் வகை ஐசியில் சும்மா விட்ட இன்புட் 0 இல்லை, 1. ஐசிக்குள்ளே ஒரு ரெசிஸ்டர் அந்தக் காலை 5 வோல்ட் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வெளியேறிக் கிரவுண்டுக்குப் போக வழி இல்லாவிட்டால் கேட் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். 7490-இல் 6, 7 இரண்டும் 1 ஆனால் கவுன்டர் 9-இல் போய் உட்காரும். 2, 3 இரண்டும் 1 ஆனால் 0-வில் உட்காரும். இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் 1 ஆனால் 9-தான் ஜெயிக்கும். அதனால்தான் 6, 7 கிரவுண்டுக்குப் போனதும் அடியில் கிடந்த இரண்டாவது கோளாறு மேலே வந்தது: உங்கள் 2, 3 கால்களும் 1-லேயே இருக்கின்றன.

10 கே போட்ட பிறகும் எப்படி 1 என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்எஸ் வகையில் இன்புட்டை 0 ஆக்க வேண்டுமானால் அதிலிருந்து வெளியே வரும் 0.4 மில்லி ஆம்பியர் வரையான கரண்டை நாம் கிரவுண்டுக்கு இறக்கிவிட வேண்டும். இரண்டு கால் சேர்ந்தால் 0.8. கால் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் அது நிச்சயமான 0. அப்படியானால் ரெசிஸ்டர் 1 கே-க்கு மேல் போகக் கூடாது. கொஞ்சம் இடம் விட்டு 470 ஓம் போடுங்கள், 0.38 வோல்ட்டுக்குள் நிற்கும். 10 கே வழியாக அத்தனை கரண்ட் இறங்காது, கால் 1 வோல்ட்டுக்கு மேலேயே தொங்கும்.

கிளாக் காலில் இது இன்னும் மோசம். டேட்டா ஷீட்டில் 14-ஆம் காலுக்கு 2.4 மில்லி ஆம்பியர் போட்டிருக்கும், 1-ஆம் காலுக்கு 3.2. அதைக் கீழே இழுக்க 330 ஓமுக்கும் குறைவாக வேண்டும். அந்த வழியே வேண்டாம், தலைகீழாக மாற்றுங்கள்: 14-ஆம் காலிலிருந்து 4.7 கே 5 வோல்ட்டுக்கு, பட்டன் 14-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில். 1-இல் நிற்கும்போது டிடிஎல் இன்புட் இழுக்கும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான், அதனால் மேலே இழுக்க 4.7 கே தாராளம். 7490 எண்ணுவது கிளாக் 1-இலிருந்து 0-க்கு இறங்கும்போது. எனவே பட்டனை அழுத்திய உடனே எண்ணும், விடும்போது அல்ல.

10 கே எல்லாருக்கும் கைப்பழக்கமாக வருவது மைக்ரோகன்ட்ரோலரில் இருந்து. அங்கே சிமாஸ் இன்புட், கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, 10 கே சரி. எல்எஸ் ஐசியில் கீழே இழுக்க அது செல்லாது.

இன்னும் இரண்டு இடம் பார்த்துவிடுங்கள். 7490-க்கு 5 வோல்ட் 5-ஆம் காலில், கிரவுண்டு 10-ஆம் காலில். 7400, 7404 போட்டுப் பழகிய கை தானாகவே 14-க்கும் 7-க்கும் போகும். அடுத்து, 12-ஆம் காலிலிருந்து 1-ஆம் காலுக்கு ஒரு வயர் வேண்டும். அது இல்லாவிட்டால் 0, 1, 0, 1 என்று மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உள்ளே இரண்டால் வகுக்கும் பகுதியும் ஐந்தால் வகுக்கும் பகுதியும் தனித்தனி.

பறக்கை_எலக்ட்ரானிக்ஸ்

மிக்க நன்றி சார். மாற்றும் முன் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 2-ஆம் காலில் 1.2 வோல்ட். 470 போட்ட பிறகு 0.2 வோல்ட். இப்போது எண்ணுகிறது.

ஆனால் ஒரு தடவை அழுத்தினால் 0-இலிருந்து 3, அடுத்து 4, அடுத்து 8 என்று தாவுகிறது. 6 வரும்போது மேல் கோடு எரியவில்லை, அந்த செக்மென்ட் போய்விட்டதா? அடுத்த வாரம் இதையே 00 முதல் 59 வரை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

தக்கலை_டிஜிட்டல்

செக்மென்ட் போகவில்லை மக்களே. 7447-இன் 6 அப்படித்தான் வரும், மேல் கோடு கிடையாது. 9-க்கும் கீழ்க் கோடு இருக்காது. கோடு வேண்டுமானால் 74எல்எஸ்247 என்று கேட்டு வாங்க வேண்டும், கால் வரிசை அதேதான். சந்தேகம் இருந்தால் 7447-இன் 3-ஆம் காலைக் கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள், ஏழு செக்மென்டும் எரிய வேண்டும்.

தாவுவது பட்டனால். உள்ளே இருக்கும் தகடு தொட்டதும் நிலைகொள்ளாது, சில மில்லி செகண்ட் தொட்டுத் தொட்டு விலகும். 74எல்எஸ்90 ஒரு செகண்டுக்கு 3 கோடிக்கு மேல் எண்ணக்கூடியது. ஒவ்வொரு தொடலையும் ஒரு கிளாக் என்று எண்ணிவிடும். சிமுலேட்டர் பட்டனுக்குத் தகடு கிடையாது, அதனால் அங்கே இது தெரியவே தெரியாது.

சரிசெய்ய இரண்டு வழி. மூன்று முனை டாகிள் சுவிட்ச் இருந்தால் 7400-இல் இரண்டு நேண்டு கேட் போதும். சுவிட்சின் நடு முனை கிரவுண்டில். ஓர முனை ஒன்று 7400-இன் 1-ஆம் காலுக்கு, மற்றது 5-ஆம் காலுக்கு, இரண்டிலும் 4.7 கே 5 வோல்ட்டுக்கு. 3-ஆம் காலை 4-இல் சேருங்கள், 6-ஆம் காலை 2-இல் சேருங்கள். 3-ஆம் காலில் வருவதை நேராக 7490-இன் 14-க்குக் கொடுங்கள், அங்கே முன்பு போட்ட 4.7 கே-யைக் கழற்றிவிடலாம். சுவிட்சை ஒரு முறை போட்டு எடுத்தால் ஒன்று கூடும். தகடு எத்தனை தடவை துள்ளினாலும் எதிர் முனையைத் தொடாதவரை இந்த இரண்டு கேட் சேர்ந்த லாட்ச் அசையாது. தியரியில் படித்த எஸ்ஆர் லாட்ச் எதற்கு என்று இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது, வைவாவிலும் கேட்பார்கள்.

புஷ் பட்டன்தான் இருக்கிறது என்றால் 74எல்எஸ்14, அதாவது ஷ்மிட் ட்ரிகர் இன்வெர்ட்டர். பட்டன் 1-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், 1-ஆம் காலிலிருந்து 10 கே 5 வோல்ட்டுக்கு, 1 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்கு. அழுத்தினால் கப்பாசிட்டர் சட்டென்று காலியாகும், தகடு விலகும் நேரத்தில் மெதுவாகத்தான் ஏறும், அதற்குள் தகடு மறுபடி தொட்டுவிடும். 2-ஆம் காலில் வருவது தலைகீழ், அதை 3-இல் கொடுத்து 4-இல் எடுத்தால் அழுத்தியதும் எண்ணும். நடுவில் ஷ்மிட் ட்ரிகர் போடாமல் கப்பாசிட்டரை மட்டும் நேராக 7490-இல் வைத்துவிடாதீர்கள். மெதுவாக ஏறும் வோல்டேஜ் நடுவே தடுமாறும் இடத்தில் அது இரண்டு மூன்று எண்ணிவிடும்.

ஆளே அழுத்தாமல் தானாக ஓட வேண்டுமானால் 555 டைமர் ஐசி. 8-க்கும் 7-க்கும் நடுவில் 10 கே, 7-க்கும் 6-க்கும் நடுவில் 68 கே, 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து 10 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்கு. 4-ஆம் கால் 5 வோல்ட்டில், 5-ஆம் காலில் 0.01 மைக்ரோ ஃபாரட். 3-ஆம் காலில் கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒன்று வரும்.

முட்டம்_கரை

இரண்டு இலக்கம் போடும் முன் போர்டைச் சரிபாருங்கள். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்து பவர் வரிசை நடுவில் அறுந்திருக்கும். சிவப்புக் கோடு விட்டிருக்கும் இடம் அதுதான். பாதி ஐசிக்கு 5 வோல்ட் போகாது, ஆனாலும் இன்புட் வழியாகக் கரண்ட் நுழைந்து அரைகுறையாக ஏதோ காட்டும். மீட்டரை ஐசியின் காலிலேயே வைத்துப் பாருங்கள், போர்டு ஓட்டையில் அல்ல. 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் ஐசி போய்விடும், 7 வோல்ட்தான் அதன் எல்லை. 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) வைத்துக் கொடுக்கலாம், அதற்குக் குறைந்தது 7 வோல்ட் வர வேண்டும்.

ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் கால்களுக்கும் குறுக்கே ஒரு 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) செராமிக் கப்பாசிட்டர், காலை ஒட்டி. 555 போட்டால் இது கட்டாயம், கூட ஒரு 100 மைக்ரோ ஃபாரட்டும் வையுங்கள். 555 அவுட்புட் மாறும் கணத்தில் சப்ளையைச் சட்டென்று இழுக்கும், அந்தக் குலுக்கலில் கவுன்டர் தானாக எண்ணும்.

கவுன்டரின் அவுட்புட்களான க்யூஏ, க்யூபி என்ன காட்டுகிறது என்று பார்க்க அவுட்புட்டில் நேராக எல்இடி மாட்டுவார்கள். சிவப்பு எல்இடி அந்தக் காலை 2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அடுத்த ஐசிக்கு 1 என்று தெரிய 2 வோல்ட் வேண்டும், ஆக எல்இடி எரியும், அடுத்த நிலை எண்ணாது. எல்இடியை 5 வோல்ட் பக்கம் 1 கே வழியாக மாட்டி அவுட்புட் காலுக்குக் கொடுங்கள். 0-வுக்கு எரியும், 1-க்கு அணையும், அதைத் திருப்பிப் படித்தால் போதும்.

செவன் செக்மென்டுக்கு ஏழு 330 ஓம், ஒவ்வொரு செக்மென்டுக்கும் ஒன்று. காமனில் ஒரே ரெசிஸ்டர் வைத்தால் 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் வரும்.

நம்ம பக்கம் கடற்கரை ஊர்களில் வைத்திருந்த ஐசி என்றால் கால்கள் உப்புக்காற்றில் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டுச் சொருகுங்கள். தொட்டால் எண்ணும், விட்டால் நிற்கும் என்ற கோளாறு பாதி இதனால்தான்.

வேளிமலை

59 வரை எண்ண: ஒன்று இடத்து 7490 இப்போது இருப்பதுபோலவே. அதன் 11-ஆம் காலைப் பத்து இடத்து 7490-இன் 14-இல் கொடுங்கள். 9-இலிருந்து 0-க்குப் போகும்போது 11-ஆம் கால் 1-இலிருந்து 0-க்கு இறங்கும், பத்து இடத்தில் ஒன்று கூடும். அங்கும் 12-ஐ 1-இல் சேர்க்க வேண்டும், 6, 7 கிரவுண்டுக்கு.

பத்து இடம் 6-ஐத் தொட்டதும் 0 ஆக வேண்டும். 6 என்றால் 0110, க்யூபியும் க்யூசியும் 1. எனவே 9-ஆம் காலை 2-இல், 8-ஆம் காலை 3-இல் கொடுத்தால் முடிந்தது. வெளியே கேட் வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கேட் 7490-க்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் வரும். 2, 3 கால்கள் இப்படிப் போய்விட்டதால் பழைய ரீசெட் பட்டனை அங்கே மாட்ட முடியாது. ஆர் கேட் ஐசியான 7432 ஒன்று எடுங்கள். க்யூபியும் ரீசெட் லைனும் ஒரு ஆர் கேட்டில், அதன் அவுட்புட் 2-க்கு. க்யூசியும் ரீசெட் லைனும் இன்னொரு ஆர் கேட்டில், அது 3-க்கு. ஒரே கேட்டில் முடிக்கப் பார்த்தால் நடக்காது, இரண்டு காலும் 1 ஆனால்தான் ரீசெட். ரீசெட் லைனில் இப்போது இன்புட் நான்கு: ஒன்று இடத்தின் 2, 3, கூட ஆர் கேட் இரண்டு. கரண்ட் 1.6 மில்லி ஆம்பியர் வரை போகலாம். 470 ஓமில் 0.75 வோல்ட் ஆகிவிடும், 0.8-க்கு மிகவும் பக்கம். அதை 220 ஓமாக மாற்றிவிடுங்கள்.

பவர் கொடுத்ததும் டிஸ்ப்ளேயில் என்ன எண் வேண்டுமானாலும் வரலாம், 83 வந்தால் பயப்பட வேண்டாம், ரீசெட்டை ஒரு தடவை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். ரெக்கார்டில் டைமிங் டயகிராம் வரையும்போது 6 வரும் இடத்தில் க்யூபியில் மட்டும் மெல்லிய ஸ்பைக் ஒன்று வரும். 5-லேயே க்யூசி 1 ஆக இருந்ததால் அதில் ஸ்பைக் இல்லை, நேராக இறங்கும். அந்த ஸ்பைக் நானோ செகண்ட் அளவுதான், டிஸ்ப்ளேயில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே காலிலிருந்து வேறொரு கவுன்டருக்குக் கிளாக் எடுத்தால் அது எண்ணிவிடும். மணிக்கு அடுத்த நிலை போடுவதாக இருந்தால் கிளாக்கைக் க்யூசியிலிருந்து, அதாவது பத்து இடத்தின் 8-ஆம் காலிலிருந்து எடுங்கள்.