நோயில்லாத பிள்ளைக்கும் ஊசியா? மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால் மலையகத்தில் என்ன செய்வது?

லிந்துலை டீச்சர்:
போன கிழமை எங்கள் பாடசாலையில் ஆறாம் தரப் பெற்றோர் கூட்டம். பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்கப் போடும் எச்.பி.வி. ஊசிக்கான படிவத்தைக் கொடுத்தோம். 2017இலிருந்து இலங்கை முழுக்க நடக்கிற விஷயம்தான், இதுவரை யாரும் மறுத்ததில்லை. இந்த முறை ஒரு அம்மா படிவத்தை நாலாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "கொரோனா நேரம் நல்லா இருந்த பிள்ளைக்கு ஊசி போட்டீங்க, நாங்க ஒண்ணும் கேக்கல. இனி கேட்டுட்டுத்தான் கையெழுத்து" என்றார். பின் வாங்கிலிருந்த நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கு முதலில் பைசர் கொரோனா ஊசி போட்டார்கள். வருடக் கடைசியில் உயர்தர வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கு. 2022 ஜனவரியில் 12 முதல் 15 வயது வரை எல்லோருக்கும். அந்த அம்மா கேட்பது கடைசி இரண்டையும் பற்றி. நோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஊசி வழங்கியது சரியா? அடுத்த தடவை வழங்க வேண்டுமா? சும்மா கோபப்படாமல் பேசுங்கள், வியாழக்கிழமை எனக்கு அவர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதுளைக்காரன்:
வேண்டாம் டீச்சர். நான் ஊசிக்கு எதிரி இல்லை, என் பிள்ளைகள் இரண்டுக்கும் அட்டையிலுள்ள ஒரு ஊசிகூட விடுபடவில்லை. ஆனால் கொரோனா ஊசி விஷயத்தில் பிரித்தானியாவே தடுமாறியது. அங்கே தடுப்பூசிக்கான நிபுணர் குழு 2021 செப்டம்பர் 3ஆம் திகதி, ஆரோக்கியமான 12–15 வயதினருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது, நன்மை மிகச் சொற்பம் என்றது. அவர்கள் போட்ட கணக்கு இதுதான்: பத்து இலட்சம் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு (ஐ.சி.யு.) போவதிலிருந்து தப்புவது ஏறக்குறைய இரண்டு பேர். அதே பத்து இலட்சத்தில் இதயத்தசை அழற்சி வரக்கூடியது 3 முதல் 17 பேருக்கு. இரண்டாவது ஊசியில் 12 முதல் 34.

நம் ஊர் அளவில் பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஏழு இலட்சத்துச் சொச்சம். மாவட்டத்திலுள்ள கிழவன் கிழவி எல்லோரும் பதின்மூன்று வயது ஆரோக்கியமான பிள்ளைகளாக மாறி ஊசி போட்டாலும், ஐ.சி.யு.வுக்குப் போகாமல் தப்புவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு பேர்.

வார்டு அக்கா:
தம்பி பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அதே செப்டம்பர் 13ஆம் திகதி பிரித்தானியாவின் நான்கு பகுதிகளுக்கும் உரிய தலைமை மருத்துவ அதிகாரிகள் ஒரு ஊசி கொடுக்கலாம் என்றார்கள். காரணம் ஐ.சி.யு. இல்லை, படிப்புக் குழம்புவது.

நான் தாதி, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளைகள் வார்டில் இருந்தவள். கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு கிழமைக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு உடம்பில் பல உறுப்புகளும் சேர்ந்து வீங்கும் ஒரு நோய் வந்தது. தொற்று வந்ததே தெரியாத, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஐந்தாறு நாள் காய்ச்சல், கண் சிவப்பு, நாக்கு சிவப்பு, அப்புறம் திடீரென்று பிரஷர் இறங்கும். அமெரிக்காவில் 12–18 வயதினரில் பைசர் இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு அந்த நோய் வராமல் தடுத்தது 91 வீதம். 12–15 வயதினருக்கான முதல் பரிசோதனையில் ஊசி போட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கும் கொரோனா வரவில்லை, வெறும் உப்பு நீர் போட்டவர்களில் 16 பேருக்கு வந்தது.

அதோடு ஒரு கேள்வி. "ஆரோக்கியமான பிள்ளை" என்று யார் சொன்னது? பிரித்தானியாவில் ஆஸ்துமா இருந்தால் குடும்ப வைத்தியரின் பதிவில் இருக்கும். நம் லயத்தில் இழுப்பு வந்தால் சுடுதண்ணி ஆவி பிடித்துவிட்டுப் பாடசாலைக்கு அனுப்புவார்கள். 2016 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப் பகுதியில் 32 வீதம். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பதின்ம வயதில் நிற்கிறார்கள். நோய் பதிவாகவில்லை என்றால் நோய் இல்லை என்று எழுதிவிடுவீர்களா?

மஸ்கெலியா மைந்தன்:
எல்லாம் நம்ம சனத்தின் தொகையைக் குறைக்கிற வேலை. எச்.பி.வி.யும் அதுதான். மலட்டு ஊசி.

வார்டு அக்கா:
எந்த ஊசியும் மலடாக்கியதற்கு ஆதாரம் கிடையாது தம்பி. ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. தோட்டத்துப் பெண்களிடம் அது மற்ற இடங்களைவிட அதிகமாக நடந்தது. என்ன ஏதென்று சரியாக விளங்காமலே ரேகை வைத்தவர்கள் எங்கள் அம்மாமார் வயதில் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஞாபகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதை வைத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் புற்றுநோய் ஊசியை நிறுத்தவும் விட மாட்டேன்.

பதுளைக்காரன்:
மைந்தன், இப்படி எழுதினால் என் பக்கத்து நியாயமும் சேர்ந்து நாறிப் போகும். கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

அக்கா, பதிவாகாத ஆஸ்துமா பற்றிச் சொன்னது நல்ல கேள்வி. ஆனால் அதற்கு மருந்து, பிள்ளைகளைப் பரிசோதித்து ஆபத்துள்ளவர்களைக் கண்டுபிடிப்பது. அந்தப் பிரித்தானியக் குழுவே நோயுள்ள பிள்ளைகளுக்கு நன்மை பல மடங்கு என்று சொன்னது, பத்து இலட்சத்தில் நூறு பேருக்கு மேல் ஐ.சி.யு.விலிருந்து தப்புவார்கள் என்று. அவர்களுக்குப் போடுங்கள், முதல் ஆளாக நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். கண்டுபிடிக்கச் சோம்பல் என்பதற்காக எல்லோருக்கும் போடுவது மருத்துவமா?

படிப்புக்கு வருவோம். பாடசாலைகள் 2021 ஒக்டோபரிலும் நவம்பரிலும் திறக்கத் தொடங்கிவிட்டன. 12–15 வயதினருக்கு ஊசி வந்தது அடுத்த ஜனவரியில். ஊசி பாடசாலையைத் திறக்கவில்லை. அந்த ஜனவரியில் ஒமிக்ரோனும் வந்துவிட்டது, ஊசி போட்டவர்களுக்கும் தாராளமாகத் தொற்றியது.

எட்டாம் நம்பர் லயம்:
நான் அந்த நேரம் பதினேழு வயது. இங்கே எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஊசி பாடசாலை மண்டபத்தில் போட்டார்கள். கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை, ஒரு இரவு காய்ச்சல். அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் நாங்கள் ஏழு பேர். அம்மாயி இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படுப்பார். அவருக்குச் சீனி வருத்தம், சினோபாம் கொரோனா ஊசி இரண்டும் போட்டிருந்தார். நான் வெளியே போய் வருகிறவன், நான் கொண்டுவந்து கொடுத்துவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு. என் நெஞ்சைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதனால் எனக்கு அந்த ஊசி வேண்டியிருந்தது.

ஆனால் பதுளை அண்ணா சொல்வதில் ஒன்று உண்மை, படிப்பை ஊசி காப்பாற்றவில்லை. பாடசாலை மூடியிருந்த காலத்தில் என் வகுப்பில் நாலு பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். சூம் வகுப்புக்கு மலை உச்சியில் சிக்னல் தேடி அலுத்துப் போனவர்கள். ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு ஊசி கொழும்பில் போட்டார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

மேல் டிவிஷன் அப்பா:
நான் கேட்பது வேறு. ஊசி போட்டு ஒரு கிழமைக்குள் நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். சரி. எங்கள் டிவிஷனிலிருந்து தார் ரோட்டுக்கு வர இரவில் கொழுந்து லொறிதான் கதி. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ரோட்டு வரை வரும், மேலே ஏறாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இதயத்தைப் பார்க்கிற ஈ.சி.ஜி. மெசின் இல்லை. என் மகனுக்கு அப்போது பதினைந்து. பத்து இலட்சத்தில் பத்துப் பேர் என்பது கொழும்புக்காரனுக்குச் சின்ன எண். அந்தப் பத்தில் ஒருவன் என் மகனாக இருந்து இரவு பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்தால், எனக்கு எண் வேறு.

வார்டு அக்கா:
அண்ணா, இது நியாயமான பயம். ஆனால் ரோடு இல்லாதது ஊசிக்கு மட்டும் எதிரி இல்லையே. கொரோனா முற்றி இரவு பத்து மணிக்கு மூச்சு வாங்கினாலும் அதே லொறிதான். இதயத்தசை அழற்சி வந்த பையன்களில் பெரும்பாலானோருக்கு இலேசாகத்தான் வந்தது, ஓய்வும் சாதாரண மாத்திரையும் போதுமாக இருந்தது. அதிகம் வந்தது இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான். 2022இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட ஆய்வில், 12–17 வயதுப் பையன்களுக்கு இரண்டாவது ஊசிக்குப் பிறகு வருவதைவிடத் தொற்றுக்குப் பிறகு இதயப் பிரச்சினை வருவது குறைந்தது 1.8 மடங்கு.

பதுளைக்காரன்:
அந்த ஆய்வு எண்ணியது பதிவான தொற்றுகளை. பதிவாகாமல் வந்து போன தொற்று எத்தனை? அதையும் சேர்த்தால் அந்த மடங்கு குறையும். இன்னொன்று, ஊசி போட்ட பையனுக்கும் ஒமிக்ரோன் வந்தது. ஊசியா தொற்றா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை அங்கே இருக்கவில்லை, பலருக்கு இரண்டும் கிடைத்தது. சுவீடனும் பின்லாந்தும் 2021 ஒக்டோபரில் இளவயதினருக்கு மொடர்னா என்ற இன்னொரு கொரோனா ஊசியை நிறுத்தின. டென்மார்க் 2022இல் பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாக ஊசி கொடுப்பதையே நிறுத்தியது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2023 மார்ச்சில் ஆரோக்கியமான பிள்ளைகளைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது.

வார்டு அக்கா:
2023இல் தள்ளினார்கள். அதற்குள் எல்லோருக்கும் தொற்றோ ஊசியோ வந்து எதிர்ப்புச் சக்தி கிடைத்திருந்தது. 2021 ஓகஸ்டில் டெல்டா, ஒரு நாளைக்கு இருநூறு சாவு போன காலம். அன்றைய முடிவை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்காதீர்கள்.

பதுளைக்காரன்:
அன்றைய கண்ணாடியே போடுவோம். 2021 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் டெட்ரோஸ், பணக்கார நாடுகள் பிள்ளைகளுக்குப் போட வைத்திருக்கும் ஊசியை ஏழை நாடுகளுக்குத் தாருங்கள் என்று கேட்டார். அந்த நேரம் கண்டியில் ஸ்புட்னிக் முதல் ஊசி போட்ட வயதானவர்கள் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கப் போகிறோம் என்று அறியாமல் இருந்தார்கள். ஊசி தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் முதலில் அம்மாயிக்கு, பிறகு பேரனுக்கு. இதில் உங்களுக்கு மறுப்பு இருக்கிறதா?

வார்டு அக்கா:
இல்லை. வரிசையில் மறுப்பு இல்லை. ஆனால் அம்மாயிக்குப் போட்டு முடிந்து பெட்டியில் ஊசி மிஞ்சியிருக்கும்போது, பேரன் வந்து எனக்கும் வேண்டும் என்றால் இல்லையென்று அனுப்ப என்னால் முடியாது. மேலே அந்தத் தம்பி எழுதியதைப் படியுங்கள்.

பதுளைக்காரன்:
கேட்டு வருகிறவனுக்குக் கொடுங்கள். நான் தடுக்கவில்லை. என் பிரச்சினை, பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நிற்க வைத்து, அதிபர் மைக்கில் பெயர் வாசித்து, "நாளைக்குப் படிவம் கொண்டு வராதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்வது. என் மகளின் பாடசாலையில் அப்படித்தான் நடந்தது. படிவத்தில் பக்கவிளைவு என்று ஒரு வரி இருந்தது, "இலேசான காய்ச்சல், கை வலி." இதயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

லிந்துலை டீச்சர்:
அந்த மடித்து வைத்த அம்மாவும் இதைத்தான் சொன்னார். ஊசியைப் பற்றி அவருக்குக் கோபம் இல்லை, தன்னை ஒரு சொல் கேட்கவில்லை என்பதுதான் கோபம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயாவிடம் பேசினேன், வியாழக்கிழமை எச்.பி.வி. பற்றி மட்டும் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுத்து, கேள்வி கேட்க அரை மணி நேரம் விடச் சம்மதித்தார். அடுத்த பெருந்தொற்றுக்கும் இப்படி ஒரு தாள் தயாராக இருந்தால் நல்லது. அதில் அந்தப் பத்து இலட்சம் கணக்கைப் போடலாமா? போட்டால் பாதிப் பேர் பயந்து ஓடிவிடுவார்கள் என்கிறார் எங்கள் அதிபர்.

பதுளைக்காரன்:
போடுங்கள் டீச்சர். ஓடுகிறவர் ஓடட்டும். மறைத்துப் போட்டதால்தான் இன்றைக்கு எச்.பி.வி. படிவம் மடிந்து உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

வார்டு அக்கா:
போடுங்கள். ஆனால் ஊசி போடாமல் தொற்று வந்தால் என்ன வரும் என்ற எண்ணையும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்து மருத்துவ மாதுவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மேல் டிவிஷன் அப்பா:
அப்படியே ஈ.சி.ஜி. மெசின் எங்கே இருக்கிறது, இரவில் எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.