ஸ்பீடிங் அபராதத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டா?

நண்பர்களே, அதிவேகமாகப் போனதாக அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டாமல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கூட வந்த படத்தில், என் காருக்குப் பக்கத்து லேனில் ஒரு வேனின் முன்பாதி மட்டும் தெரிகிறது. ரேடார் கற்றை தூரம் போகப் போக விரியும். அது யார் வேகத்தைப் பிடித்தது என்பதுதான் என் வாதம். லேசர் கருவி என்றால் இது அவ்வளவாக எடுபடாது, அதன் கற்றை குறுகலானது. எந்தக் கருவி என்றே நோட்டீஸில் போடவில்லை!

கருவியைச் சோதித்துச் சரிபார்த்த சான்றிதழை விசாரணைக்கு முன்பே கேட்டு வாங்க முடியுமா? அதற்குத் தனி மனு வேண்டுமா, அன்றைக்கு நீதிபதியிடம் வாய்விட்டுக் கேட்டால் போதுமா? அப்புறம், கருவியை இயக்கிய அதிகாரியை வக்கீல் இல்லாமல் குறுக்கு விசாரணை செய்தவர்கள் இருந்தால் என்னென்ன கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். "கட்டித் தொலை" என்ற யோசனை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.