பிள்ளையும் போனும்: முதல்ல நித்திரையைப் பாருங்க

மட்டக்களப்பு, பாடசாலை ஆலோசகர்:
"எந்த நேரமும் போன்தான் மிஸ்" என்றுதான் தாய்மார் தொடங்குவாங்க. நான் முதல்ல கேட்கிறது, பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்குது, எத்தனை மணிக்கு எழும்புது என்பதைத்தான். 13 தொடக்கம் 18 வயசு வரைக்கும் 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேணும். பாடசாலை காலை 7.30க்கு. 5.30க்கு எழும்புற பிள்ளை இரவு 9.30க்காவது உறங்கியிருக்கணும். ஆனா மலிவான இரவு டேட்டா தொடங்குறதே நள்ளிரவுக்குப் பிறகு! அதுக்காக முழிச்சிருந்து வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு 5 மணித்தியாலம் கூட மிஞ்சாது. காலையில தலையிடி, வகுப்பில தூங்கி விழுறது, சின்னச் சொல்லுக்கும் சீறுறது, எல்லாத்துக்கும் அந்தக் குறை ஒன்றே போதும். இரவு டேட்டா இல்லாத பக்கேஜுக்கு மாத்துங்க. இதைத்தான் முதல்ல செய்யச் சொல்லுவன்.

அக்கரைப்பற்று, போன் கடை:
பிள்ளைட போனிலேயே டிஜிட்டல் வெல்பீயிங் (போன் பாவிக்கிற நேரத்தைக் குறைக்கிற செட்டிங்) டைமர் போட்டா நிக்காது, அதே இடத்தில போய்ப் பிள்ளையே எடுத்திடும். கூகுள் ஃபேமிலி லிங்க் போடுங்க, பிள்ளைட போனைப் பெற்றோர் தங்கட போனில இருந்து கட்டுப்படுத்துற அப் அது. பூட்டு உங்கட போனில இருக்கும். பிள்ளைக்குச் சொல்லி, கூட இருந்து போடுங்க. டவுன்டைம், அதாவது போன் பூட்டிக் கிடக்கிற நேரம், இரவு 9 முதல் காலை 5.30 வரை. டிக்டொக்கில 18 வயசுக்குக் குறைஞ்ச கணக்குக்கு 2023இல இருந்து நாளுக்கு 60 நிமிச எல்லை தானா வருது. பொய்யா வயசைக் கூட்டித் திறந்த கணக்குக்கு அது வராது, பிறந்த வருசத்தைப் பாருங்க.

கல்முனை, ஆசிரியை:
அதுக்காகப் போனை முழுசாப் பறிச்சிடாதீங்க. ரியூசன் நோட்ஸ் வட்ஸ்அப்பிலதான் வருது, பறிச்சா கூட்டாளிட போனில ஒளிச்சுப் பார்க்கும். இரவில சார்ஜ் போடுறது அறைக்கு வெளிய, வாப்பா உம்மாட போனும் அங்கேயே. அலாரத்துக்கு மேசை மணிக்கூடு ஒன்று வாங்குங்க.

ஏறாவூர், ஒரு தாய்:
பிள்ளைட படத்தை வெச்சு யாராவது போனில மிரட்டினா என்ன செய்யிற மிஸ்?

மட்டக்களப்பு, பாடசாலை ஆலோசகர்:
பிள்ளைக்கு ஏசாதீங்க, ஏசினா அடுத்த மிரட்டலை மறைச்சிடும். காசு குடுக்க வேணாம், குடுத்தா இன்னும் கேட்பாங்க. செய்தி, கணக்கின் பெயர், லிங்க், திகதி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்க, அதுக்குப் பிறகுதான் புளொக். பதறி அழிச்சா சாட்சி போயிடும். சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்க, பொலிஸ் நிலையத்தில சிறுவர், பெண்கள் பிரிவுக்கும் போங்க. "வாழ விருப்பமில்லை" என்று பிள்ளை சொன்னா விடியட்டும் என்று பார்த்திருக்காதீங்க, தனிய விடாதீங்க. மனநல உதவி இலக்கம் 1926க்கு அடியுங்க, இரவு பகலா எடுப்பாங்க. உடனே போறதுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கு.