கலைச்சொல் தேவை: மின்தடையில் மீன்தொட்டி நீர் திரும்பி இறங்குவதற்கு

வணக்கம்.

சென்னையில் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போருக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் தட்டி நிற்கிறது.

கரண்ட் போனதும், நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் நிற்கும். மேல்தொட்டி நீர், ஏறி வந்த குழாய் வழியாகவே சம்ப்புக்கு, அதாவது மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத்தொட்டிக்கு, இறங்கும். குழாய் வாயில் காற்று புகும் வரை நிற்காது. 120 × 45 செ.மீ. தொட்டியில் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் உப்புநீர் தரைக்கு வரும். அங்கே பிளக் பெட்டி கிடக்கும். இதற்குப் 'பேக் சைஃபன்' என்று பெயர். தமிழில் என்ன சொல்லலாம்?

---

ஏரிப் பாசனத்தில் எல்லாச் சொல்லும் இருக்கின்றன. தொட்டி ஓரத்தில் நீர் வழியும் இடம் கலிங்கு. குழாய் தூம்பு, மணிமேகலையிலேயே 'சுருங்கைத் தூம்பு' உண்டு. கலிங்கைத் தாண்டிப் போவது மறுகால். 'மறு' என்பதில் மீண்டும் என்ற பொருளும் கிடைக்கிறது. 'மறுகால்' என்றே வைக்கலாம்.

---

> 'மறுகால்' என்றே வைக்கலாம்

ஐயா, உடன்பட முடியவில்லை. குளம் மறுகால் பாய்ந்தால் ஊருக்கே மகிழ்ச்சி. நிறைந்தது வெளியேறுவது அது. இங்கே போன வழியே திரும்புகிறது, அதுவும் கேடாக.

'எதிர்வடிகை' என்பது என் முன்மொழிவு. 'வடி' இருவகை: நீர் வடிகிறது என்பது தன்வினை, சோற்றை வடிக்கிறோம் என்பது பிறவினை. மோட்டார் தள்ளாமல் நீர் தானே இறங்குவதால் தன்வினையே பொருந்தும். வருகை, செய்கை போல வடிகை. 'பின்வடிவு' என்றால் வடிவம் என்று படித்துவிடுவார்கள்.

---

தொட்டி பராமரிப்பவர்கள் யாரிடமாவது 'எதிர்வடிகை' என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ வடிகட்டி என்று நினைப்பார்கள். பால் குடித்த குழந்தை எதுக்களிப்பது எல்லா வீட்டிலும் தெரிந்தது. போன பாதையிலேயே திரும்பி வருவது. 'எதுக்களிப்பு' போதும்.

கையேட்டில் தீர்வையும் அதே பக்கத்தில் போடுங்கள். குழாயில் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 6 மி.மீ. துளை. மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும்; 54 லிட்டர் 5.4 ஆகும். அதற்குக் 'காற்றுக்கண்' என்று பெயரிடலாம். பாசியும் உப்பும் அதை அடைக்கும், ஆகவே மாதம் ஒருமுறை குச்சியால் குத்த வேண்டும். நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்பக் கூடாது, ஒரு நத்தை ஓடு சிக்கினாலே மூடாது. மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி, சம்ப்பில் நீர் ஏறி நிற்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். அன்றாட மட்டம் அதற்கேற்பத் தாழ்ந்திருக்க வேண்டும். கலிங்கு வழியாக இறங்கும் நீரும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

---

எதுக்களிப்பின் மூலம் 'எதிர்க்களி'. எதிர்த்த வீடு 'எதுத்த வீடு' ஆனதைப் போல. அச்சில் போடுவதானால் 'எதிர்க்களிப்பு' என்று திருத்தமாகப் போடலாமே? 'களிப்பு' மகிழ்ச்சி என்று தோன்றும் என்பதுதான் தயக்கம். மேலும், வயிறு உள்ளிருந்து தள்ளுகிறது; இங்கே தாழ்வான பக்கத்து நீரின் எடை இழுக்கிறது. இயற்பியல் வேறு.

---

சொல்லுக்கு இடையே ஒன்று. கையேட்டில் 'பவளத்தொட்டி' என்று தலைப்பிடாதீர்கள். கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. 'கடல்நீர்த் தொட்டி' போதும்.

தரை நனைவதைவிட மூச்சு முட்டுவது பெரிது. 28 டிகிரிக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 6.4 மி.கி. தான். நீர் அசையாமல் நின்றால் பெரிய மீன்கள் முதலில் சாகும். வர்தா (2016), மிக்ஜாம் (2023) புயல்களில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 900 வாட்-மணி. தொட்டி நீரை அசைத்துக்கொண்டிருக்கும் 12 வோல்ட், 10 வாட் அலைமோட்டாரை ஃபியூஸ் போட்டு நேரடியாக இணைத்தால் 90 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்தால் அது தானே 15 வாட் தின்றுவிடும், 36 மணிதான். விளக்கும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் வேண்டாம். புயலுக்கு முந்தின நாளிலிருந்து தீனியும் வேண்டாம். பேட்டரியை மேசைமேல் ஏற்றுங்கள். நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) கழுவாமல் ஓட்டினால் அதில் அழுகிய நீர் தொட்டிக்குள் வரும்.

இதற்கும் சொல் வேண்டும்: 'பேக்கப்'. அதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.

---

அனைவருக்கும் நன்றி. எதுக்களிப்புக்கு மூவர், எதிர்வடிகைக்கு ஒருவர், மறுகாலை முன்மொழிந்தவர் பதில் எழுதவில்லை. அச்சுக்கு 'நீர் எதுக்களிப்பு', 'காற்றுக்கண்' இரண்டும் போகின்றன. முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'பேக் சைஃபன்' என்று சேர்த்திருக்கிறேன்.

---

என் மாற்றுக்கருத்தைப் பதிந்துவிடுகிறேன். 'எதுக்களிப்பு' நோயின் பெயர். நாளை இதே சொல்லைக் கழிவுநீர்க் குழாய்க்கும் கொதிகலனுக்கும் எழுத வேண்டி வரும்போது 'எதிர்வடிகை' தேவைப்படும். அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.